இணையவழிக் கருத்துக் கேட்பும் கட்டமைத்த தரவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு ஒரு சட்ட வரைவையோ விதித் திருத்தத்தையோ இணையத்தில் வெளியிட்டு, குறிப்பிட்ட நாளுக்குள் கருத்துச் சொல்லுங்கள் என்று பொதுமக்களிடம் கேட்பதைத்தான் இங்கே கருத்துக் கேட்பு என்கிறோம். அதை நடத்தும் அலுவலர்கள், அதற்கான தளங்களைக் கட்டும் நிரலாளர்கள், கருத்து எழுதி அனுப்பும் சங்கங்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இந்தக் கேள்விகள். பதில்கள் அனைத்துக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் ஓடுகிறது: ஒருவர் எழுதி அனுப்பிய வரி எந்தக் கேள்விக்கு வந்தது, வரைவின் எந்தப் பிரிவைப் பற்றியது, கடைசியில் அதனால் என்ன மாறியது என்பதை இழை அறாமல் பின்தொடர முடிய வேண்டும். முடியாவிட்டால் அடுத்த முறை அவர் எழுத மாட்டார்.

கட்டமைத்த தரவு என்று எதைச் சொல்கிறீர்கள்?

வாக்கியத்துக்குள் புதைந்து கிடக்கும் விவரத்தை எடுத்துத் தனித்தனிப் புலங்களில், அதாவது ஒரு விவரத்துக்கு ஒன்றாகப் பெயரிட்ட கட்டங்களில், வைப்பதைத்தான். "வரும் மாத இறுதிக்குள் கருத்துகளை அனுப்பலாம்" என்பது வாக்கியம். "முடிவு: 2025-03-31 23:59 +05:30" என்பது தரவு (+05:30 என்பது இந்திய நேரத்தைக் குறிக்கிறது). முதலாவதைப் படித்தவர், எந்த மாதம் என்று தெரிந்துகொள்ள அறிவிப்பின் தேதியைத் தேட வேண்டும். இரண்டாவதை நாட்காட்டிச் செயலி அப்படியே எடுத்து நினைவூட்டல் வைத்துவிடும்.

கருத்துக் கேட்பில் இது மூன்று இடங்களில் தேவைப்படுகிறது: அறிவிப்பில், கேள்வியும் பதிலும் சேரும் இடத்தில், முடிவறிக்கையில். பெரும்பாலான தளங்கள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. உண்மையான பயன் மூன்றும் ஒன்றோடொன்று கோக்கப்படும்போதுதான் கிடைக்கும்.

பிடிஎஃப் அறிவிப்பு ஒன்று போட்டால் போதாதா?

பிடிஎஃப் இருக்கட்டும், சட்டப்படி அதுவே மூல ஆவணமாகவும் இருக்கலாம். ஆனால் கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து ஏற்றிய பிடிஎஃப் உண்மையில் ஒரு படம். தேடினால் அகப்படாது, திரை வாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்றவருக்கு ஒரு சொல்லும் ஒலிக்காது. கடைசி நாளோ மூன்றாம் பக்கத்தில், "இவ்வறிவிப்பு வெளியான நாளிலிருந்து 30 நாள்களுக்குள்" என்று இருக்கும். வெளியான நாள் எது என்று அதே தாளில் இருக்காது.

இதனால் பாதிக்கப்படுவோர் யார் என்று பார்க்க வேண்டும். பெரிய நிறுவனம் ஆள் வைத்துத் தினமும் எல்லாத் துறைத் தளங்களையும் பார்க்கும். நாலைந்து பேர் மாலை நேரத்தில் கூடி நடத்தும் நுகர்வோர் குழுவால் அது முடியாது. கடைசி நாள், துறை, பொருள் ஆகிய மூன்றும் புலங்களாக இருந்தால், "நீர் என்ற பொருளில் புதிதாக எது திறந்தாலும் சொல்" என்று அந்தக் குழு ஒரு மின்னஞ்சல் அறிவிப்பு வைத்துக்கொள்ளலாம். தரவைப் பற்றிய பேச்சாகத் தெரிந்தாலும், இது யார் குரல் அவைக்கு வருகிறது என்பதைப் பற்றிய பேச்சு.

இது எங்கும் நடக்காத கற்பனையும் அல்ல. அமெரிக்காவின் மத்திய அரசிதழ் தளம் தன் ஏபிஐ-யில் (பிற நிரல்கள் நேரடியாகத் தரவு கேட்டுப் பெறும் வழி) ஒவ்வொரு வரைவு விதிக்கும் கருத்து அனுப்பக் கடைசி நாளைத் தனிப் புலமாகத் தருகிறது. பிரிட்டன் அரசின் பொதுத் தளம் ஒவ்வொரு கருத்துக் கேட்புக்கும் திறந்தது, முடிந்தது, முடிவு வெளியானது என்று நிலை காட்டுகிறது.

அறிவிப்பில் எந்தெந்தப் புலங்கள் கட்டாயம் வேண்டும்?

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டு:

அடையாள எண்: 2025-0147
தலைப்பு: நிலத்தடி நீர் எடுப்பு விதிகள், திருத்த வரைவு
நடத்தும் துறை: நீர்வளத் துறை
தொடக்கம்: 2025-02-03 09:00 +05:30
முதலில் அறிவித்த முடிவு: 2025-03-31 23:59 +05:30
இப்போதைய முடிவு: 2025-04-14 23:59 +05:30
நிலை: திறந்திருக்கிறது
பொருள்: நீர், வேளாண்மை
வரைவு ஆவணம்: கோப்பின் முகவரி, பதிப்பு 2, 2025-02-20
கருத்து அனுப்பும் வழி: இணையப் படிவம், மின்னஞ்சல், அஞ்சல்
மொழிகள்: தமிழ், ஆங்கிலம்
முடிவறிக்கை: இன்னும் இல்லை

இதற்கு மேல் ஆசைப்பட்டு 40 புலங்கள் வைத்தால், நிரப்பும் அலுவலர் பாதியை வெறுமையாக விடுவார், மீதியில் "பொது" என்று எழுதுவார். ஒரு புலத்தை யார் நிரப்புவார், எப்போது நிரப்புவார் என்று சொல்ல முடியாவிட்டால் அந்தப் புலமே வேண்டாம்.

கடைசி வரியைக் கவனியுங்கள். முடிவறிக்கைக்கான புலம் முதல் நாளிலிருந்தே இருக்கிறது, வெறுமையாக. எத்தனை கருத்துக் கேட்புகள் முடிந்து ஓராண்டு ஆகியும் இந்தப் புலம் வெறுமையாகவே இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று புலத்தையே விட்டுவிட்டால் அந்தக் கணக்கு யாருக்கும் கிடைக்காது.

பொருள் புலத்தில் அவரவர் தோன்றியதை எழுத விடாதீர்கள். "நீர்", "நீர்வளம்", "தண்ணீர்", "பாசனம்" என்று நான்கு அலுவலர் நான்கு விதமாக எழுதினால் தேடுபவருக்கு நான்கில் ஒன்றுதான் கிடைக்கும். 20 முதல் 30 சொற்கள் கொண்ட மூடிய பட்டியல் ஒன்று வைத்து, அதிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்வது போதும்.

அடையாள எண்ணில் துறையின் பெயரைச் சேர்க்கலாமா?

வேண்டாம். துறைகள் பெயர் மாறும், இணையும், பிரியும். எண்ணுக்குள் துறையின் சுருக்கம் இருந்தால், மூன்று ஆண்டு கழித்து அந்த எண் பொய் சொல்லும், அல்லது யாராவது அதை "திருத்துவார்கள்". திருத்திய அன்றே பழைய செய்திகள், கடிதங்கள், வழக்கு ஆவணங்கள் எல்லாவற்றிலும் உள்ள மேற்கோள் அறுந்துபோகும். ஆண்டும் வரிசை எண்ணும் போதும். துறைக்குத்தான் தனிப் புலம் இருக்கிறதே.

ஒருமுறை கொடுத்த எண்ணை, கருத்துக் கேட்பைத் திரும்பப் பெற்றாலும், இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. பக்கத்தின் முகவரிக்கும் இதே விதிதான். தளம் புதுப்பிக்கப்படும்போது பழைய முகவரிகளிலிருந்து புதியவற்றுக்கு நிரந்தரத் திசைதிருப்பல் வைக்காமல் விடுவதுதான், எங்கள் பார்வையில், இந்தப் பணியில் அடிக்கடி நடக்கும் பெரிய இழப்பு.

தேதியை எழுதுவதில் என்ன அப்படிச் சிக்கல்?

நிறைய. வரிசையாகச் சொல்கிறோம்.

03/04/2025 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ என்பது படிப்பவரின் நாட்டைப் பொறுத்தது. ஐஎஸ்ஓ 8601 முறைப்படி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் குழப்பம் இல்லை. அகர வரிசைப்படி அடுக்கினாலே கால வரிசையும் வந்துவிடும்.

"மார்ச் 31 நள்ளிரவு" என்றால் 31-ஆம் நாள் தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? இதை வைத்தே ஒரு நாள் முன்னதாகப் படிவத்தை மூடிவிடும் தளங்கள் உண்டு. 23:59 என்று எழுதுங்கள், உலகப் பொது நேரத்திலிருந்து உள்ள வித்தியாசத்தையும் சேருங்கள். சேவையகம் வேறு நாட்டில் இருந்து, அதன் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடினால், வித்தியாசம் குறிக்காத 23:59 சில மணி நேரம் முன்போ பின்போ போய் நிற்கும். கடைசி நாள் மாலையில்தான் கருத்துகள் குவியும் என்பதால் அந்தச் சில மணி நேரம் சிறிய விஷயம் அல்ல.

நாட்காட்டிக் கோப்பு கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஐகேலண்டர் தரத்தில் (ஆர்எஃப்சி 5545) முழுநாள் நிகழ்வின் முடிவு நாள் அந்த நிகழ்வில் சேராது. மார்ச் 31 வரை என்று காட்ட வேண்டுமானால் முடிவு நாளை ஏப்ரல் 1 என்று எழுத வேண்டும். 31 என்று எழுதினால் பயனரின் நாட்காட்டியில் 30 வரைதான் தெரியும்.

கால அளவை எண்ணுவதிலும் இதே தடுமாற்றம் உண்டு. மேலே உள்ள எடுத்துக்காட்டில் பிப்ரவரி 3 முதல் மார்ச் 31 வரை 56 நாளா, 57 நாளா? முதல் நாளைச் சேர்த்தால் 57, விட்டால் 56. குறைந்தபட்சக் காலம் விதியாக இருக்கும் இடங்களில் இது முக்கியம். இந்தியாவின் 2014 சட்ட முன்-ஆலோசனைக் கொள்கை குறைந்தது 30 நாள் என்கிறது. ஐரோப்பிய ஆணையம் பொதுக் கருத்துக் கேட்புகளுக்கு 12 வாரம் வைத்திருக்கிறது. எண்ணும் முறையை ஆவணத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டு, தொடக்கமும் முடிவும் புலங்களாகத் தந்தால், விதி காக்கப்பட்டதா என்று வெளியாட்களே சரிபார்த்துக்கொள்வார்கள்.

கடைசி நாளை நீட்டித்தால் பழைய நாளை மாற்றி எழுதிவிடலாமா?

கூடாது. அதற்காகத்தான் இரண்டு புலங்கள். மேலெழுதிவிட்டால், எத்தனை முறை, எவ்வளவு தாமதமாக நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது என்ற தடயமே இருக்காது. நீட்டிப்பை அறிவித்த நாளையும் குறியுங்கள். முடிவதற்கு முந்தைய இரவு அறிவித்த நீட்டிப்பும் இரண்டு வாரம் முன்பே அறிவித்த நீட்டிப்பும் ஒன்றல்ல.

வரைவு ஆவணத்தை நடுவில் மாற்றுவதும் இப்படித்தான். பழைய கோப்பின் மேல் புதியதை ஏற்றினால், முதல் வாரத்தில் எழுதியவர் எந்த வரியை எதிர்த்தாரோ அந்த வரியே இல்லாமல் போயிருக்கும். ஒவ்வொரு பதிப்புக்கும் தனி முகவரி, பதிப்பு எண், நாள் வேண்டும். கோப்பின் ஷா-256 கைரேகையையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் குறியீடு) வெளியிட்டால், தன்னிடம் இருப்பது அதே கோப்புதானா என்று எவரும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

நிலையைக் கையால் மாற்றுவதா, தானாக மாற வைப்பதா?

திறந்தது, முடிந்தது இரண்டையும் தேதியிலிருந்து தளமே கணக்கிட வேண்டும். கையால் மாற்றும் தளங்களில், முடிந்து பல மாதம் ஆன கருத்துக் கேட்பு "திறந்திருக்கிறது" என்றே நிற்கும். திரும்பப் பெற்றது, பரிசீலனையில், முடிவு வெளியானது ஆகிய மூன்றும் மனிதர் எடுக்கும் முடிவுகள் என்பதால் அவற்றைக் கையால்தான் மாற்ற வேண்டும்.

எந்தத் தரத்தைப் பின்பற்றுவது? ஸ்கீமா.ஆர்க் போதுமா?

ஸ்கீமா.ஆர்க் என்பது கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ சேர்ந்து 2011-இல் தொடங்கிய சொற்றொகுதி. வலைப்பக்கத்துக்குள் குறியிட்டால் தேடுபொறிகள் படித்துக்கொள்ளும். ஆனால் அதில் கருத்துக் கேட்புக்கென்று தனி வகை இல்லை. சிலர் அதை "நிகழ்வு" வகையில் போடுகிறார்கள். அந்த வகை இடம், நேரம், நுழைவு பற்றிக் கேட்கும், கருத்துக் கேட்புக்கு அவை பொருந்தாது. ஆவண வகையில் போட்டு, தலைப்பு, வெளியிட்ட துறை, வெளியிட்ட நாள், காலாவதி நாள் ஆகிய பண்புகளை மட்டும் குறியிடுவது நேர்மையான வழி.

எங்கள் பரிந்துரை மூன்று அடுக்கு. முதலாவது, எல்லாக் கருத்துக் கேட்புகளையும் முழுப் புலங்களோடு தரும் ஒரு ஜேசன் கோப்பு (நிரல்கள் எளிதில் படிக்கும் உரை வடிவம்), நிலையான முகவரியில். இரண்டாவது, புதியவற்றையும் மாற்றங்களையும் சொல்லும் ஆட்டம் அல்லது ஆர்எஸ்எஸ் ஓடை (செய்தித் திரட்டிச் செயலிகள் படிக்கும் பட்டியல்). மூன்றாவது, பக்கத்துக்குள் ஜேசன்-எல்டி குறியீடு (ஸ்கீமா.ஆர்க் விவரங்களை ஜேசன் வடிவில் பதிக்கும் முறை). மூன்றும் ஒரே தரவுத்தளத்திலிருந்து தானாக உருவாக வேண்டும். பக்கத்தை ஒருவரும் ஜேசனை இன்னொருவரும் கையால் எழுதினால், ஒரு மாதத்துக்குள் இரண்டும் வேறு வேறு தேதி சொல்லும். அப்போது மக்கள் எதை நம்புவார்கள்?

ஏபிஐ கட்டப் பணமும் ஆளும் இல்லை என்றால் தள்ளிப் போடலாம். தினம் ஒருமுறை உருவாகும் கோப்பு ஒன்றே பெரும்பாலான தேவைகளைத் தீர்த்துவிடும்.

கேள்விகளையும் பதில்களையும் எப்படிச் சேமிப்பது?

ஒவ்வொரு கேள்விக்கும் மாறாத எண், முழு வாசகம், வகை, பதிப்பு வேண்டும். வகை என்றால் தேர்ந்தெடுப்பதா, அளவுகோலா, எழுதுவதா என்பது. தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் விடையின் வாசகத்தைச் சேமிக்காமல் குறியீட்டைச் சேமியுங்கள். "ஓரளவு ஏற்கிறேன்" என்பதை நடுவில் "பகுதியாக ஏற்கிறேன்" என்று மெருகேற்றினால், கணக்கில் அது இரண்டு விடைகளாகிவிடும். இரண்டு மொழிகளில் படிவம் இருந்தாலும் குறியீடு ஒன்றாக இருக்க வேண்டும்.

வெறுமையில் குறைந்தது மூன்று வகை உண்டு: கேள்வியைப் பார்த்தும் பதில் சொல்லாதது, முந்தைய பதிலால் கேள்வியே காட்டப்படாதது, "கருத்தில்லை" என்று தேர்ந்தெடுத்தது. மூன்றையும் வெற்றுக் கட்டமாகவே வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 1,000 பேர் படிவம் அனுப்பினார்கள். ஒரு கேள்விக்கு 300 பேர் ஆம், 200 பேர் இல்லை, 500 கட்டங்கள் வெறுமை. ஆதரவு 30 சதவீதமா, 60 சதவீதமா? இரண்டையும் "உண்மை" என்று சொல்லிவிடலாம், அதுதான் ஆபத்து. வெறுமைக்கும் குறியீடு கொடுங்கள். சதவீதம் சொல்லும் இடத்திலெல்லாம் அது எத்தனை பேரில் என்று எழுதுங்கள்.

மின்னஞ்சலிலும் அஞ்சலிலும் வரும் கருத்துகள் இந்தக் கட்டத்துக்குள் அடங்காது. அடங்காததால் அவற்றை ஓரங்கட்டிவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, எந்தெந்தக் கேள்விக்குப் பொருந்துகிறது என்று படிப்பவர் குறிக்க வேண்டும். ஒரு கடிதம் மூன்று கேள்விகளுக்குப் பொருந்தலாம், எதற்கும் பொருந்தாமலும் இருக்கலாம். "வேறு" என்ற குறியீட்டில் நிறையச் சேர்ந்தால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றைப் படிவம் கேட்கவில்லை என்று பொருள்.

வரைவுச் சட்டத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாகக் கருத்து வாங்க முடியுமா?

முடியும். நல்ல பலனும் உண்டு. அதற்கு வரைவு, பிரிவு பிரிவாகக் குறியிட்ட உரையாக இருக்க வேண்டும். சட்ட ஆவணங்களுக்கென்று அகோமா ந்டோசோ என்ற எக்ஸ்எம்எல் (உரையின் பகுதிகளைக் குறியிடும் வடிவம்) தரம் இருக்கிறது. 2018-இல் ஓயாசிஸ் என்ற தர நிர்ணய அமைப்பின் தரமானது. பெயர் மேற்கு ஆப்பிரிக்காவின் அகான் மொழியிலிருந்து வந்தது, இணைந்த இதயங்கள் என்று பொருள்.

இங்கே வழக்கமாக வழுக்கும் இடம் பிரிவு எண். இரண்டாம் பதிப்பில் புதிதாக 5-ஆம் பிரிவு நுழைந்தால் பழைய 7-ஆம் பிரிவு 8 ஆகிவிடும். "பிரிவு 7 வேண்டாம்" என்று வந்த கருத்துகளெல்லாம் பாவம், வேறொரு பிரிவின் தலையில் போய் உட்காரும். அதனால்தான் அந்தத் தரம் ஒரு பகுதிக்கு இரண்டு அடையாளங்களுக்கு இடம் தருகிறது: இந்தப் பதிப்பில் அதன் இடம் ஒன்று, மூலப் பதிப்பில் இருந்த இடம் இன்னொன்று. முழுத் தரத்தையும் கையாள வசதியில்லாத துறை இந்த ஓர் எண்ணத்தை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாம். பிரிவுக்குத் திரையில் தெரியும் எண் ஒன்று, மாறாத உள் எண் ஒன்று. கருத்து ஒட்டிக்கொள்வது உள் எண்ணிலும் பதிப்பு எண்ணிலும்.

பிரிவுவாரிக் கருத்து மட்டும் கேட்டால், "இந்தச் சட்டமே தேவையில்லை" என்பவருக்கு எழுத இடம் இருக்காது. முழு வரைவைப் பற்றிய கட்டம் ஒன்றும் கட்டாயம் வையுங்கள்.

தமிழில் வரும் கருத்துகளைக் கையாள்வதில் தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு. "கொ" என்பதை க-வுடன் ஒகரக் குறியாக ஒரே குறியெழுத்தில் சேமிக்கலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. "கொள்கை" என்று தேடினால் பாதிக் கருத்துகள் வராமல் போக இது ஒரு காரணம். கருத்து உள்ளே வரும்போதே, இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

யூனிகோடுக்கு முந்தைய பாமினி வகை எழுத்துருவில் தட்டச்சிட்ட பிடிஎஃப் இணைப்புகளிலிருந்து உரையை எடுத்தால் பொருளற்ற லத்தீன் எழுத்துகள்தான் கிடைக்கும். அவற்றை எழுத்துரு மாற்றியில் போட்டு, ஒருவர் படித்துச் சரிபார்த்த பிறகே கணக்கில் சேருங்கள்.

எக்செல்லில் திறந்து வேலை செய்வது சரியா?

சின்ன அளவில் சரி, ஆனால் மூலத் தரவை அதில் திறந்து மீண்டும் சேமிக்காதீர்கள். ஒரு கட்டத்தில் 32,767 எழுத்துக்கு மேல் எக்செல் ஏற்காது. அமைப்புகள் அனுப்பும் நீண்ட மனுக்கள் அந்த அளவைத் தாண்டும். எண்ணின் முன்னால் உள்ள பூச்சியங்கள் காணாமல் போகும், 0147 என்பது 147 ஆகும். தேதிகள் உங்கள் கணினியின் நாட்டு வழக்கத்துக்கு மாறும். யூனிகோடை யூடிஎஃப்-8 முறையில் சேமித்த சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் கட்டங்களைப் பிரிக்கும் உரைக் கோப்பு) இருமுறை சொடுக்கித் திறந்தால், கோப்பின் தொடக்கத்தில் அந்த முறையைச் சொல்லும் அடையாளக் குறி இல்லாதபோது தமிழ் எழுத்துகள் சிதையும். தரவு இறக்குமதி வழியாக எடுத்தால் சிதையாது.

பாதுகாப்புச் சிக்கலும் ஒன்று உண்டு. சமக்குறியில் தொடங்கும் கருத்தை எக்செல் சூத்திரமாக எடுத்துக்கொள்ளும். யாரேனும் கெட்ட எண்ணத்தோடு அப்படி எழுதி அனுப்பினால், திறக்கும் அலுவலரின் கணினியில் அது இயங்கப் பார்க்கும். சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்யும்போது சமம், கூட்டல், கழித்தல், அட் குறி ஆகியவற்றில் தொடங்கும் கட்டங்களின் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி சேர்க்கச் சொல்லி நிரலாளரிடம் கேளுங்கள்.

ஒரே கடிதம் ஆயிரக்கணக்கில் வந்தால்?

முதலில் இரண்டைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஓர் அமைப்பு மாதிரிக் கடிதம் எழுதிக் கொடுக்க, உறுப்பினர்கள் தங்கள் சொந்தப் பெயரில் அனுப்புவது இயக்கம். அது முறையான குரல்தான். இல்லாதவர் பெயரில், அல்லது இருப்பவர் பெயரில் அவருக்கே தெரியாமல் அனுப்புவது போலி. அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையம் 2017-இல் இணைய நடுநிலைமை (எல்லா இணையப் போக்குவரத்தையும் சமமாக நடத்துவது) விதிகளை நீக்குவது குறித்துக் கேட்டபோது 2 கோடியே 20 லட்சத்துக்கு மேல் கருத்துகள் வந்தன. அவற்றில் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் போலி என்று நியூயார்க் மாநிலத் தலைமைச் சட்ட அலுவலரின் 2021 அறிக்கை சொல்கிறது. 77 லட்சம் கருத்துகளை 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவரே தானியங்கி முறையில் அனுப்பியிருந்தார்.

செய்ய வேண்டியது: உரையிலிருந்து பெயர், முகவரி, வணக்க வரிகளை நீக்கி, இடைவெளிகளை ஒழுங்குபடுத்தி, முழுதும் ஒத்தவற்றை முதலில் குழுவாக்குங்கள். பிறகு, கிட்டத்தட்ட ஒத்தவற்றை உரைத் துண்டுகளின் ஒப்புமையால் கண்டுபிடியுங்கள். ஆங்கிலத்துக்கு ஐந்து சொல் கொண்ட துண்டுகள் நன்றாக வேலை செய்யும். தமிழில் சொல்லின் ஈறு மாறிக்கொண்டே இருப்பதால் எழுத்துத் துண்டுகளே மேல். ஒப்புமை 0.8-க்கு மேல் (முழுதும் ஒத்தால் 1) என்று தொடங்கி, எல்லைக் கோட்டில் நிற்கும் 50 கருத்துகளைக் கண்ணால் படித்து அளவை ஏற்றி இறக்குங்கள்.

குழுவாக்கியதை அழிக்காதீர்கள். "இயக்கக் கடிதம் 3, 4,210 பேர் அனுப்பியது" என்று எண்ணிக்கையோடு காட்டுங்கள். மாதிரிக் கடிதத்தின் கீழே சொந்தமாக நாலு வரி சேர்த்தவர்களைத் தனியாகப் படியுங்கள். தன் கிணற்றின் ஆழம், தன் கடைக்கு ஆகும் செலவு என்று வேறு எங்கும் கிடைக்காத விவரம் பெரும்பாலும் அந்த நாலு வரியில்தான் இருக்கும்.

எண்ணிக்கையை வைத்து மக்கள் கருத்து இதுதான் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. எழுத முன்வந்தவர்கள்தான் எழுதுகிறார்கள், அது மாதிரிக் கணக்கெடுப்பு அல்ல. தரவு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்தக் குறை போகாது. யார் எழுதினார்கள் என்று காட்ட மட்டும் அது உதவும். பங்கேற்றவர் தனிநபரா, அமைப்பா, எந்தப் பகுதி என்ற புலங்கள் இருந்தால், எந்தத் தரப்பு எழுதவே இல்லை என்பது கருத்துக் கேட்பு நடக்கும்போதே தெரியும். நடுவிலேயே தெரிந்தால் போய்ச் சந்தித்துக் கேட்க நாள் இருக்கும்.

தைவானில் சில விவகாரங்களுக்குப் பொல்.இஸ் என்ற கருவியைப் பயன்படுத்தினார்கள். அதில் ஒருவர் எழுதிய கூற்றுக்கு மற்றவர் ஏற்கிறேன், மறுக்கிறேன், தாண்டுகிறேன் என்று மட்டும் சொல்லலாம், பதில் எழுத முடியாது. வாக்குகளே கட்டமைத்த தரவாகிவிடுவதால், எதிரெதிர்க் குழுக்களும் ஒத்துப்போகும் கூற்றுகளைக் கருவி காட்டும். நல்ல முறைதான், ஆனால் நீளமாக வாதம் வைக்க விரும்புபவருக்கு அது மாற்றாகாது.

எழுத்தில் வந்த பதில்களை யார் படித்து வகைப்படுத்துவது?

மனிதர்கள். இயந்திரம் உதவலாம். முதல் 200 கருத்துகளைப் படித்துக் குறிப்புகளின், அதாவது கருத்துகளில் வரும் வாதங்களின், பட்டியல் தயாரியுங்கள், பிறகு இருவர் தனித்தனியாக ஒரே 10 சதவீதத்தை வகைப்படுத்தி ஒப்பிடுங்கள். எங்கே வேறுபடுகிறார்களோ அங்கே குறிப்பின் வரையறை தெளிவில்லை. மென்பொருளால் வகைப்படுத்தினாலும் அதே 10 சதவீதத்தை வைத்துச் சோதியுங்கள். ஒரே ஒருவர் மட்டும் சொன்ன சரியான தொழில்நுட்பக் குறையை, எண்ணிக்கை குறைவு என்று எந்த மென்பொருளும் கீழே தள்ளிவிடும். அதற்கென்று "ஒற்றைக் கருத்து, கவனிக்க" என ஒரு குறியீடு வைத்துக்கொள்ளுங்கள்.

தனிப்பட்ட விவரங்கள் வெளியாகாமல் எப்படிப் பார்ப்பது?

பெயர், தொடர்பு விவரம் ஒரு அட்டவணையில், கருத்து இன்னொன்றில். இரண்டையும் இணைக்கும் எண் வெளியே போகக் கூடாது. வெளியிட ஒப்புதல் உண்டா என்பது ஒரு புலம், அதன் இயல்பு மதிப்பு "இல்லை".

இணைப்புகள்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். வேர்ட் கோப்பில் எழுதியவர் பெயர் இருக்கும், கைபேசிப் படத்தில் எடுத்த இடத்தின் புவிக் குறியீடு இருக்கும். பிடிஎஃப்பில் பெயரின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்தால் பெயர் மறைவதில்லை, அடியில் உள்ள உரையை நகலெடுத்துவிடலாம். உரையையே நீக்கும் கருவியால் நீக்க வேண்டும். ஒரு சிற்றூரிலிருந்து ஒரே ஒருவர் எழுதியிருந்தால், ஊர் பெயரே அவரை அடையாளம் காட்டிவிடும். அங்கே பகுதியை ஒரு படி பெரிதாக்குங்கள்.

முடிவு எடுத்த பிறகு என்ன வெளியிட வேண்டும்?

மூன்று நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை: கேள்வி அல்லது பிரிவு எண், வந்த முக்கியக் குறிப்புகள், துறையின் முடிவும் காரணமும். முடிவுக்கு நான்கு மதிப்புகள் போதும்: ஏற்றது, பகுதி ஏற்றது, ஏற்கவில்லை, இந்த வரைவின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஏற்கவில்லை என்றால் காரணம் கட்டாயம். கருத்து அனுப்பியபோது கொடுத்த பதிவெண்ணை இட்டால், தன் கருத்து எந்தக் குறிப்பின் கீழ் சேர்ந்தது என்று அனுப்பியவர் பார்க்க முடிய வேண்டும். ஏற்கப்படாத கருத்துக்கும், படித்தார்கள் என்ற சான்று கிடைக்க வேண்டும். அந்த மரியாதையை ஒரு அரசு தன் மக்களுக்குத் தர வேண்டும் என்று நாங்கள் நம்புகிறோம்.

துறை எதுவும் செய்யவில்லை. வெளியிலிருந்து நாங்களே தரவைத் திரட்டலாமா?

பொதுத் தளங்களிலிருந்து அறிவிப்புகளை ஸ்கிரேப்பர் (வலைப்பக்கங்களைப் படித்து விவரம் எடுக்கும் நிரல்) வைத்துத் திரட்டுவது பல நாடுகளில் நடக்கிறது. தளத்தின் விதிகளைப் பாருங்கள், நாளுக்கு ஓரிரு முறைக்கு மேல் போகாதீர்கள். பக்க வடிவம் மாறினால் ஸ்கிரேப்பர் சத்தமில்லாமல் தவறும், எனவே "இன்று ஒன்றும் வரவில்லை" என்பதையும் பிழையாக எண்ணி எச்சரிக்கை வையுங்கள். திரட்டிய ஒவ்வொரு வரியிலும் மூலப் பக்கத்தின் முகவரியும் பார்த்த நேரமும் இருக்கட்டும். கடைசி நாளை நீங்கள் ஊகித்திருந்தால் அதை வெளிப்படையாகக் குறியுங்கள்.

பழைய கருத்துக் கேட்புகளையும் மாற்ற வேண்டுமா?

எல்லாவற்றையும் வேண்டாம். அவற்றிலிருந்து பிறந்த சட்டமோ விதியோ இன்றும் நடைமுறையில் இருந்தால் அவற்றை மட்டும் எடுங்கள். அடையாள எண், தலைப்பு, துறை, தேதிகள், வரைவு, முடிவறிக்கை ஆகிய ஆறு புலங்கள் போதும். கோப்பு தொலைந்திருந்தால் "கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள், வெறுமையாக விடாதீர்கள். இணைய ஆவணக் காப்பகத்தில் நகல் இருந்தால் அந்த முகவரியைக் கொடுங்கள். நாள் தெரியாமல் மாதம் மட்டும் தெரிந்தால் 2013-06 என்று அதோடு நிறுத்துங்கள். ஐஎஸ்ஓ 8601 அதை ஏற்கும். கட்டத்தை நிரப்புவதற்காக 2013-06-01 என்று போட்டால், அது ஊகம் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.